ஒப்புரவுக் குழுவும் இணையமும்

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஒட்டன்சத்திரம் என்னும் ஊர் உள்ளது. இக்காலத்தில் அவ்வூர் காய்கறிச் சந்தையால் பெயர்பெற்று விளங்குகின்றது. சுற்றியுள்ள சிற்றூர்களில் விளையும் முருங்கையும் தக்காளியும் வெண்டையும் அங்கு வந்து குவிந்து, அவற்றுள் பெரும்பகுதி கேரளத்திற்குச் செல்கின்றது. ஆயினும் ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்பது சத்திரம் என்னும் சொல்லே. வழிச்செல்வோர் தங்கி இளைப்பாறுதற்கென அமைந்த அறநிலையத்தின் பெயர் அது. தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்கு நடந்து செல்லும் அடியார்க்கு இவ்வழியில் நீர்மோரும் சோறும் வழங்கும் வழக்கம் இன்றும் உண்டு. வழங்குவோர் பெரும்பாலும் தனிப்பெருஞ்செல்வர் அல்லர். ஒரு தெருவார், ஒரு கடைவீதியார், ஒரு தொழில் செய்வார் எனக் கூடிய குழுவினரே ஆவர். இவ்வூரிலேயே 1955ஆம் ஆண்டில் மருத்துவர் தரியன், மருத்துவர் ஜேக்கப் செரியன் ஆகியோர் முயற்சியால் தோன்றிய கிறிஸ்டியன் பெல்லோஷிப் மருத்துவமனையும் தன் பெயரிலேயே தோழமை என்னும் பொருளைத் தாங்கி நிற்கின்றது.

அறத்தின் பொருட்டுப் பலர் ஒன்றுகூடுதல் இந்நிலத்திற்குப் புதிதன்று என்பது இவற்றால் விளங்கும். புதியதாவது, ஒருவர் முகத்தை ஒருவர் காணாதோர் இணையத்தின் வழியாகக் கூடுதலே. ஓர் அறத்தைக் குறித்து ஆயிரவர் ஒரே நாளில் திரள்கின்றனர். அவருள் பலர் அடுத்த திங்களில் காணப்படுவதில்லை. சில குழுக்களோ கால் நூற்றாண்டு கடந்தும் நிலைத்துப் பணிபுரிகின்றன. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? திரண்ட கூட்டம் குழுவாக நிலைபெறுதற்கு வேண்டுவன யாவை? இவ்வினாக்களுக்கு விடை காணத் தமிழிலக்கியமும் கல்வெட்டும் நமக்குத் துணைபுரியும் என்று கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

1. ஈகையும் ஒப்புரவும்

திருவள்ளுவர் இல்லறவியலில் ஒப்புரவறிதல், ஈகை என்னும் இரண்டனையும் தனித்தனி அதிகாரங்களாக, ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார். இரண்டும் கொடுத்தலையே கூறுவனவாயின் இரண்டு அதிகாரங்கள் வேண்டா. பரிமேலழகர் ஒப்புரவினை உலகநடை அறிந்து ஒழுகுதல் என்றும், ஈகையினை வறியராய் ஏற்பார்க்கு மறாது கொடுத்தல் என்றும் பிரித்துக் காட்டினார். ஈகையில் கொடுப்பான் ஒருவன், ஏற்பான் ஒருவன் என இருவர் எதிரெதிர் நிற்பர். ஒப்புரவிலோ ஊர் முழுதும் முன் நிற்கின்றது. அவ்வதிகாரத்தில் வள்ளுவர் எடுத்தாளும் உவமைகளை நோக்குக: நீர் நிறைந்த ஊருணி, ஊர் நடுவே பழுத்த பயன்மரம், எல்லா உறுப்பாலும் பயன்படும் மருந்துமரம். ஒப்புரவாளன் கைப்பட்ட செல்வத்திற்கே இவை உவமையாயின. ஆயினும் ஊருணியில் நீர் முகப்பவர் இரவலர் ஆகார் என்பதை நாம் மறத்தலாகாது. அந்நீர் ஊரார் அனைவர்க்கும் உரியது. நிரப்பியோன் வீட்டுக்குடமும் அங்கேயே நிறைகின்றது.

இவ்வேறுபாடே நம் ஆய்வுக்கு அடிப்படையாகும். இணையம் ஈகையை எளிதாக்கிற்று என்பதில் ஐயமில்லை. ஒட்டன்சத்திரத்தில் இருப்பார் ஒருவர் உலகின் எம்மூலையில் இருப்பார்க்கும் நொடிப்பொழுதில் பொருள் அனுப்பலாம். ஆனால் ஈகை எளிதாதல் வேறு, குழு உண்டாதல் வேறு. ஒப்புரவு உள்ளவிடத்தே குழு உண்டாகும். ஈகை மட்டும் உள்ளவிடத்துக் கூட்டம் உண்டாகிக் கலையும் என்பது நாம் நிறுவ விரும்பும் கருத்தாகும்.

கலைதல் எப்பொழுதும் குற்றம் என்று கொள்ளற்க. 2015ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, எவ்விடத்தில் உணவு வேண்டும், எவ்விடத்தில் படகு உண்டு என்னும் செய்திகளை முன்பின் அறியாத இளைஞர் பலர் இணையவழித் தொகுத்துப் பரப்பினர். வெள்ளம் வடிந்தபின் அக்கூட்டம் கலைந்தது. தீயணைக்க ஓடிவந்தோர் தீ அணைந்தபின் வீடு திரும்புதல் போன்றது அது. நெடுங்காலம் நடைபெற வேண்டிய அறத்திற்கும் அத்தகைய கூட்டத்தையே நம்பியிருத்தல்தான் பிழையாகும்.

2. அமுதசுரபி காட்டும் உண்மை

கருவி ஒன்றினாலேயே அறம் நடைபெறாது என்பதை மணிமேகலை தெளிவுறக் காட்டுகின்றது. சிந்தாதேவி ஆபுத்திரனுக்கு அளித்த அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறையாதது. அதனினும் சிறந்த கருவியை எவரும் கற்பனை செய்தல் அரிது. ஆயினும் மழை வளம் பெருகிப் பாண்டிநாட்டில் உண்பார் இலராயினர். பசித்தோரைத் தேடிச் சாவகம் செல்லக் கலமேறிய ஆபுத்திரன் மணிபல்லவத்தில் இறங்கி நிற்க, கலம் அவனை விட்டுச் சென்றது. கையில் குறையாத பாத்திரம் இருந்தது. ஊட்டுதற்கு ஓர் உயிரும் அங்கில்லை. தன்னுயிர் ஒன்றை மட்டும் அப்பாத்திரத்தால் ஓம்ப மனமின்றி, அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான்.

அப்பாத்திரம் மணிமேகலையின் கைக்கு வந்தபின்னும் தானே சுரக்கவில்லை. முதற்பிச்சை ஆதிரையின் கையால் இடப்பெறுதல் வேண்டும் என்று காயசண்டிகை கூறினாள். ஊரார் மதிக்கும் நல்லாள் ஒருத்தி முதற்பங்கு இட்ட பின்னரே அறம் தொடங்கிற்று. பின்னர் அது நடைபெற்ற இடமும் தனி மனை அன்று. உலகவறவி என்னும் பொதுவிடமாகும்.

கருவியோடு, நம்பத்தக்கார் இடும் முதற்பங்கும், யாவரும் வந்து சேர்தற்குரிய பொதுவிடமும், பெறுவோரை அணுகும் வழியும் ஒருங்கமைய வேண்டும் என்பது இக்கதையால் போதரும். இணையத்தை அமுதசுரபியாகக் கருதுவோர் மணிபல்லவத்து ஆபுத்திரனையும் நினைவிற் கொள்வாராக.

3. கல்வெட்டில் ஒரு தொலைக்குழு

தொலைவிலுள்ளோர் ஓர் அறத்தின் பொருட்டுக் கூடியமைக்குப் பழஞ்சான்று ஒன்று சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையில் உள்ளது. பண்டு திருக்கொடுங்குன்றம் எனப் பெயர்பெற்ற அத்தலத்தில் கி.பி. 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த வணிகர் கல்வெட்டொன்று காணப்படுகின்றது. ஐந்நூற்றுவர் என்னும் பெருங்குழுவினரும் பல்வேறு ஊர்களைச் சார்ந்த வணிகரும் கூடி, தாம் கொண்டு விற்கும் சரக்கு ஒவ்வொன்றின்மேலும் ஒரு சிறு பங்கை அக்கோயிலுக்கு அளிக்க உடன்பட்டதை அது கூறுகின்றது. உப்பு, நெல், மிளகு, பாக்கு, மஞ்சள், சுக்கு, இரும்பு, பருத்தி முதல் குதிரை, யானை ஈறாகப் பல சரக்குகள் அதன்கண் இடம்பெறுகின்றன. இத்தகைய பங்கினைக் கல்வெட்டுகள் பட்டணப்பகுடி என்னும் பெயரால் வழங்கும்.

அவ்வணிகர் ஓரூரார் அல்லர். நாடோறும் கண்டு பழகுவோரும் அல்லர். இருந்தும் அவர்தம் அறம் குழுவின் அறமாக அமைந்தமைக்கு மூன்று காரணங்களை நாம் உய்த்துணரலாம். முதலாவது, ஒவ்வொருவர் பங்கும் அவரவர் தொழிலோடு இயைந்த சிறுபங்காக இருந்தது; உப்பு விற்பான் உப்பின்மேலும் யானை விற்பான் யானையின்மேலும் கொடுத்தான். இரண்டாவது, கொடுத்தல் ஒருமுறையோடு முடியாது, வணிகம் நடக்குந்தோறும் நடந்தது. மூன்றாவது, உடன்பாடு கல்லில் வெட்டப்பெற்றுக் கோயிலுக்கு வருவோர் அனைவரும் காண நின்றது. சரக்கும் விழுக்காடும் ஊரும் மறைவின்றித் தெரிந்தமையால் ஐயத்திற்கு இடம் குறைந்தது.

இம்மரபு அறுபட்டு ஒழியவில்லை. தென்பாண்டி நாட்டு வணிகரிடையே நெடுநாள் வழங்கிய மகமை என்பது இதன் வழிவந்ததேயாகும். சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என ஒதுக்கிய பணம் உறவின்முறையின் பொதுநிதியாகிக் கிணறும் பள்ளியும் ஆயிற்று. விருதுநகரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை இவ்வகை நிதியாலும், வீடுதோறும் ஒதுக்கிய பிடியரிசியாலும் வளர்ந்தது. காமராசர் கல்வி பயின்ற பள்ளி அது. உலைக்கு அரிசி எடுக்கும் தாய் ஒரு பிடியைத் தனிக்கலத்தில் இடும்போது, தன் பிள்ளை பயிலும் பள்ளியையே அவள் காக்கின்றாள். வள்ளுவர் கூறிய ஊருணி இங்குக் கண்கூடாகின்றது.

புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களின் எல்லைப் பகுதியில் ஆடித் திங்களில் நடைபெறும் மொய் விருந்தும் இவ்வினத்ததே. விருந்துண்டோர் இட்ட மொய் பெயரோடும் தொகையோடும் ஏட்டில் எழுதப்பெறும். பெற்றவர் பின்னர் அவரவர் விருந்தில் அதனைத் திருப்பிச் செய்வர். இன்று வாங்குவோர் நாளை கொடுப்போர் ஆதலின் வாங்குதலில் இழிவு இல்லை. 2024ஆம் ஆண்டு வயநாட்டில் நிலச்சரிவு நேர்ந்தபோது திண்டுக்கல்லில் மொய் விருந்து வடிவிலேயே உதவிப்பொருள் திரட்டப்பெற்றது. இங்குத் திருப்பிச் செய்தல் இல்லையாயினும், உடனிருந்து உண்டு, பெயரறியக் கொடுக்கும் பழைய வடிவத்தையே மக்கள் நாடினர் என்பது கருதத்தக்கது.

4. இணையத்தில் நிலைத்த குழுக்கள்

இனி இணையவழிக் குழுக்களுள் நிலைபெற்றனவற்றை நோக்குவோம். தமிழாய்வாளர் அனைவரும் அறிந்த மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம் 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிற்று. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த அறிவியலறிஞர் கு. கல்யாணசுந்தரம் அதனை முன்னின்று நடத்தினார். அரசின் உதவியும் வணிக நோக்கமும் இன்றி, பல நாடுகளில் வாழும் தமிழர் தத்தம் வீட்டிலிருந்தபடியே நூல்களைத் தட்டச்சுச் செய்தும் மெய்ப்புப் பார்த்தும் அளித்தனர். திருக்குறளை முதலாகக் கொண்டு 500க்கு மேற்பட்ட நூல்கள் இவ்வாறு எவரும் விலையின்றிப் படிக்கக் கிடைத்துள்ளன.

இஃது அறச்செயலாகுமா என்று வினவுவோர்க்குச் சமண மரபு விடை கூறும். உணவு, அடைக்கலம், மருந்து என்பவற்றோடு நூலையும் சேர்த்துத் தானம் நான்கு என அம்மரபு வகுத்தது. ஏடு படியெடுத்துக் கொடுத்தல் சோறிடுதலோடு ஒப்ப எண்ணப்பெற்றது. பழனிக்கு அண்மையிலுள்ள ஐவர்மலையில் கி.பி. 870ஐச் சார்ந்த கல்வெட்டோடு சமணச் சிற்பங்கள் இன்றும் உள்ளன. இப்பகுதியாரும் அம்மரபோடு ஒருகாலத்தில் உறவு பூண்டிருந்தனர் என்பதற்கு அவை சான்றாவன.

மதுரைத் திட்டம் நிலைத்தமைக்குக் காரணத்தை அதன் முதற்பக்கங்களிலேயே காணலாம். தட்டச்சுச் செய்தோர், மெய்ப்புப் பார்த்தோர் ஆகியோர் பெயர்கள் நூல்தோறும் தலைப்பில் இடம்பெறுகின்றன. பண்டு ஏடெழுதினோர் இறுதியில் தம் பெயரும் நாளும் குறித்த வழக்கத்தை அது நினைவூட்டுகின்றது. பிரான்மலைக் கல்லில் கண்ட மூன்றும் இங்கும் உள்ளன: அளவான பங்கு, தொடர்ந்த வினை, யாவரும் காணும் கணக்கு. அவற்றின்மேலும் ஒன்று உண்டு. தட்டச்சுச் செய்தவர் தாமே அந்நூலின் வாசகர். நிரப்பிய ஊருணியில் தாமும் நீர் முகக்கின்றார்.

ஈழத்து நூல்களை மின்வடிவில் காக்கும் நூலகம் என்னும் திட்டம் 2005ஆம் ஆண்டு தன்னார்வலரால் தொடங்கப்பெற்றது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டதில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவ்விழப்பை உணர்ந்த மக்கள் நாட்டிலும் புலம்பெயர்ந்த இடங்களிலும் சிதறி வாழ்ந்தனர். ஓரிடத்தில் வைத்த ஏடு ஓரிரவில் அழியும் என்பதைப் பட்டறிந்தோர்க்குப் பலரும் பங்கேற்று நூல்களை மின்வடிவில் பேணும் முயற்சி உயிர்நாடியாகத் தோன்றியதில் வியப்பில்லை.

பொருள் திரட்டுதலில் பெருவெற்றி கண்டது ஆர்வர்டு பல்கலைக்கழகத் தமிழ் இருக்கை முயற்சியாகும். அமெரிக்க வாழ் மருத்துவர்கள் ஜானகிராமன், சம்பந்தம் ஆகிய இருவரும் 2015ஆம் ஆண்டு தலைக்கு 5 இலட்சம் டாலர் அளித்துத் தொடங்கிவைத்தனர். ஆதிரையின் முதற்பிச்சை போன்று இவர்தம் பங்கு அமைந்தது எனலாம். வேண்டிய 60 இலட்சம் டாலரை நோக்கி உலகெங்குமுள்ள தமிழர் பெருந்தொகையும் சிறுதொகையும் அனுப்பினர். தமிழக அரசு 10 கோடி ரூபாய் வழங்கிற்று. 2018ஆம் ஆண்டில் இலக்கு எய்தப்பெற்றது. நோக்கம் ஒன்று, தொகை இவ்வளவு, சென்று சேரும் இடம் இது என மூன்றும் வரையறுக்கப்பெற்றமையே வெற்றிக்குக் காரணமாயிற்று. எனினும் இலக்கு முடிந்தவுடன் கொடுத்தோரை ஒன்றாகப் பிணிக்கும் வினை வேறில்லை. மதுரைத் திட்டத்தில் வினை ஓயாமையால் குழுவும் ஓயவில்லை. இருக்கை முயற்சியில் நிதி நிலைத்தது. இவ்விரண்டும் இருவேறு பயன் தருவன. ஒன்றை மற்றொன்றாக மயங்குதல் கூடாது.

5. நாம் கற்ற பாடம்

பிறர் செயலை ஆராய்வோர் தம் செயலையும் எண்ணிப் பார்த்தல் முறையாகும். சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பயின்ற முதுகலை மாணவர் ஒருவர் கடுநோயுற்றார். ஒட்டன்சத்திரத்தை அடுத்த சிற்றூரில் காய்கறி பயிரிடும் எளிய குடும்பத்தினர் அவர். ஆசிரியரும் பழைய மாணவரும் கூடி வாட்ஸ்அப்பில் ஒரு குழுவை அமைத்தோம். மருத்துவமனைப் படுக்கையில் அவர் கிடந்த நிழற்படத்தை இணைத்து வேண்டுகோள் விடுத்தோம். மூன்றே நாளில் வேண்டிய பொருள் வந்து சேர்ந்தது. மாணவரும் நலமடைந்தார். அக்குழுவோ பிறகு காலை வணக்கப் படங்கள் பகிரும் இடமாகி, ஒரு திங்களுக்குள் ஒவ்வொருவராக வெளியேற, வெறுமையாயிற்று. மிஞ்சிய பொருளுக்குக் கணக்குக் கேட்டாரும் இல்லை, கூறினாரும் இல்லை.

அதனினும் பெரிய பிழை பின்னரே விளங்கிற்று. நலமடைந்த மாணவர் நெடுநாள் வகுப்பிற்கு வரவில்லை. வீட்டிற்குச் சென்று கேட்டபோது, சந்தையில் முன்பின் அறியாதவர்கூடத் தம்மை அப்படத்தால் அடையாளம் கண்டு இரங்குவதாகவும், தலைநிமிர்ந்து நடக்க இயலவில்லை என்றும் கூறினார். அவர் தாயார், “ஐயா, நீங்க செஞ்ச உதவிய மறக்க மாட்டோம். ஆனா அந்தப் படம் மட்டும் வேணாமுங்க” என்றார். அப்படத்தைப் பரப்பியோருள் நாமும் ஒருவர். இரவச்சத்திற்குத் தனி அதிகாரம் வகுத்த நூலை ஆண்டுதோறும் பாடம் சொல்லும் நாம், ஏற்பாரின் மானத்தைக் காத்தற்கு வகை செய்யவில்லை.

பெறுவோரைக் காட்சிப்பொருள் ஆக்கிக் கூட்டிய கூட்டம் அக்காட்சி மறைந்தவுடன் மறையும். பெறுவோர்க்கும் அதில் இடமில்லை. அவர் என்றும் எதிர்ப்புறத்தே நிற்பவர். மொய் ஏட்டிலோ பெறுவார் பெயரும் கொடுப்பார் பெயரும் ஒரே ஏட்டில் இடம் மாறி வரும். நம் குழுவில் அம்மாணவரே பின்னர் ஒரு பங்கினராய் அமர்ந்து, அடுத்து நோயுற்றவர்க்காகக் கணக்கு எழுதியிருப்பாராயின், அவரும் தலைநிமிர்ந்திருப்பார், குழுவும் நிலைத்திருக்கும்.

பிறிதொரு குறையும் நம்பால் உண்டு. மதுரைத் திட்ட நூல்களைப் பல்லாண்டுகளாக வகுப்பிற்குப் பயன்படுத்தி வருகின்றோம். நூல் வாங்க இயலாத சிற்றூர் மாணவர் கைப்பேசியில் அவற்றைப் படித்தே தேர்வெழுதுகின்றனர். படிக்கும்போது எழுத்துப் பிழை கண்டால் நம் படியில் திருத்திக்கொண்டோம். அத்திருத்தத்தை உரியோர்க்கு அனுப்பியதில்லை. ஊருணியில் நீர் முகந்தோம். தூர் எடுக்கும் நாளில் வாராதொழிந்தோம்.

6. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். ஓர் அறத்தின் பொருட்டு இணையவழிக் கூடுவோர் குழுவாக நிலைபெற வேண்டுமாயின், நோக்கம் வரையறை உடையதாதல் வேண்டும். நம்பத்தக்கார் முதற்பங்கு இடுதல் வேண்டும். ஒவ்வொருவர்க்கும் தம் ஆற்றலுக்கும் தொழிலுக்கும் இயைந்த சிறுபங்கு தொடர்ந்து இருத்தல் வேண்டும். பங்கும் செலவும் யாவரும் காண எழுதப்பெறல் வேண்டும். பெறுவோரும் குழுவினராய்ப் பின்னர்க் கொடுப்போராதற்கு வழி இருத்தல் வேண்டும். இவை ஐந்தும் ஒப்புரவின் கூறுகளாகும். இணையம் இவற்றுள் எதனையும் தானே தாராது. இவை உள்ளவிடத்து அவற்றைத் தொலைவெங்கும் கொண்டுசெல்லும்.

தமிழ்த்துறைகளில் பயில்வோர்க்கு இவ்வறத்தில் உடனே ஏற்கத்தக்க பங்கு ஒன்று உண்டு. முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டிற்குப் பத்துப் பக்கம் மின்னூலை அச்சுநூலோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்த்துத் தருவாராயின், முப்பதின்மர் உள்ள வகுப்பொன்றால் முந்நூறு பக்கம் பிழை நீங்கும். இதனைக் கல்வியின்மேல் இட்ட மகமை எனக் கொள்ளலாம். மேலே குறித்த மாணவர் இப்பொழுது முனைவர்ப் பட்ட ஆய்வு மேற்கொண்டுள்ளார். இக்கருத்தை அவரிடம் கூறியபோது, திருத்தப் பட்டியலைத் தாமே தொகுத்துத் தருவதாக ஏற்றுக்கொண்டார். நம் படியில் பல்லாண்டுகளாக முடங்கிக் கிடந்த திருத்தங்களையே அவரிடம் முதற்கண் ஒப்படைத்தோம். பட்டியலின் தலைப்பில் அவர் பெயரும், அதன்கீழ்த் திருத்தம் தந்தோர் பெயர்களும் எழுதப்பெற்றுள்ளன.